இக்னேசியஸ் என்ற ஸ்பானியச் சிறுவன்

இக்னேசியஸ் ஒரு ஸ்பானியச் சிறுவனாக மாறியது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. முன்பல் ஒன்று இல்லை. முல்லைத்தீவுக் கடலில் வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள் கனடாவின் ஸ்காபரோக் குளிரில் வெடித்துக் கிடந்தன. இவை எதுவும் அவரைச் சிறுவனாக ஏற்றுக்கொள்ளத் தடையாக இருக்கவில்லை. பெயர் பொருந்தியது, கதிரை காலியாக இருந்தது, அது போதும் என்று நிலையம் தீர்மானித்தது.

நிலையம் என்றால் புதுவரவாளர் மொழி மேம்பாட்டு நிலையம். ஒரு பிளாசாவின் மேல்மாடியில், ஜவ்ஃபர் நானாவின் கொத்து ரொட்டிக் கடைக்கு நேர் மேலே இருந்தது. அதன் பணிப்பாளர் அருள்நாயகம் தினமும் மார்க்கம் என்ற வசதியான புறநகரில் இருந்து கார் ஓட்டி வந்து, புதுவரவாளர்களை மேம்படுத்திவிட்டு, மாலையில் மார்க்கத்துக்கே திரும்பிவிடுபவர். தமிழருக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் திட்டங்களை எல்லாம் அவருக்கு முன்னமே மற்ற நிறுவனங்கள் பங்குபோட்டு எடுத்துவிட்டன. மிஞ்சிக் கிடந்தது ஒன்றே ஒன்று: ஸ்பானிய மொழி பேசும் இளம் மாணவருக்கான ஆங்கில இலக்கண, சொற்பயிற்சித் திட்டம். அருள்நாயகம் அதற்கு எழுதிப் போட்டார். கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கினார். இருந்த இரண்டு குடும்பங்களும் போன கோடையிலேயே வீடு மாறிப் போயிருந்தன. அதற்குள் சின்னக் கதிரைகளும் மேசைகளும் வந்து இறங்கிவிட்டன. பெட்டி பெட்டியாகப் பயிற்சிப் புத்தகங்களும் வந்துவிட்டன. இனி ஆள் பிடிக்கவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

இக்னேசியஸ் வந்து மாட்டினார். அவருக்கு ஆங்கிலத்தில் ஆசை ஒன்றும் கிடையாது. அவருக்கு வேண்டியிருந்தது ஜெசிந்தா. மகளுக்குப் பதினாறு வயது. தாயைச் சுனாமி கொண்டுபோன பின்னர் அவளை அவளுடைய மாமியான தன் அக்காவிடம் விட்டுவிட்டு, பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லிக் கனடாவுக்கு வந்தவர். அந்தப் பிறகு மூன்று வருடமாக இழுபட்டு, இப்போது வன்னியில் போருக்குத் தப்பிச் சனம் சட்டி பானையோடு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிடுவதற்கான அலுவல்களைப் பார்த்துக் கொடுத்த சீமோன் என்பவர், ஆங்கிலம் படித்த சேட்டிபிக்கற் ஒன்றும் கூட வைத்தால் கோப்புக்குக் கனம் கூடும் என்று சொல்லியிருந்தார். பெரியவர்களுக்கான வகுப்பில் இடம் கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்று எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். அருள்நாயகம் மட்டும் வாருங்கள் என்றார்.

எந்த வகுப்பு என்று தெரிந்ததும் இக்னேசியஸ் தயங்கினார்.

“இளம் மாணவர் எண்டால் வயசில இளம் எண்டு எங்கையும் எழுதேல்லை,” என்றார் அருள்நாயகம். “நீர் இங்கிலீசில இளம். மற்றது, இக்னேசியஸ் எண்ட பேர் எங்க இருந்து வந்தது? ஸ்பெயினில இருந்து. உம்மட பேருக்கு இந்த நாட்டில முதல்முதல் மரியாதை குடுக்கிறது நான்தான்.”

“சேர், எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது.”

“எல்லாம் தெரிஞ்சால் நீர் ஏன் படிக்க வாறீர்?”

இக்னேசியஸ் பதிவுப் படிவத்தைக் கையில் வாங்கினார். கையெழுத்து வைத்தார். மூன்று நாள் வராவிட்டால் பெயர் வெட்டப்படும், பெயர் வெட்டப்பட்டால் சேட்டிபிக்கற் இல்லை என்றும் அதில் இருந்தது.

வகுப்பில் அவரைப்போல இன்னும் பத்துப் பன்னிரண்டு சிறுவர் சிறுமியர் இருந்தார்கள். மூத்த சிறுவன் விநாயகமூர்த்தி, அறுபத்தாறு வயது, சீனி வருத்தமும் முழங்கால் நோவும் உள்ளவர். சிறுமிகளில் கெட்டிக்காரி ரம்ஸியா, மூன்று பிள்ளைகளின் தாய், மூத்தவன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் ஸ்பானியப் பெயர்கள் தேவைப்பட்டதால் விநாயகமூர்த்தி விசென்தே ஆனார், ரம்ஸியா ரமோனா ஆனாள், இக்னேசியஸ் இக்னாசியோ ஆனார். கதிரைகள் ஒன்பது வயதுக்கு அளவெடுத்துச் செய்தவை, மேசையோடு சேர்த்துப் பொருத்தியவை. உட்காருவதற்குப் பக்கவாட்டில் நுழையவேண்டும், எழும்புவதற்கு யாராவது பிடித்து இழுக்கவேண்டும். விநாயகமூர்த்தி ஒருமுறை உள்ளே போனால் வகுப்பு முடியும்வரை வெளியே வர முயற்சி செய்வதில்லை.

புத்தகத்தில் கார்லோஸ் என்று ஒரு பையன், ரோசிதா என்று ஒரு பெண், இருவருக்கும் பொதுவாக ஒரு கழுதை. ஒவ்வொரு பயிற்சியிலும் என்ன செய்யவேண்டும் என்ற குறிப்பு ஸ்பானிய மொழியில் இருந்தது. ஆசிரியை மிஸ் பெத் தங்கமான பெண், ஆனால் அவளுக்கு ஸ்பானியம் தெரியாது. மாணவருக்கும் தெரியாது. கீறிட்ட இடத்தை நிரப்புவதா, பிழையானதை வெட்டுவதா, படத்துக்கு வண்ணம் தீட்டுவதா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. முதல் வாரம் எல்லாரும் கழுதைக்கு வண்ணம் தீட்டினார்கள்.

அருள்நாயகம் நிலைமையை ஆராய்ந்து தீர்வு கண்டார். புத்தகத்தை மாற்றுவது அல்ல அந்தத் தீர்வு, புத்தகம் திட்டத்தின் சொத்து. மாற்றவேண்டியது மாணவரை. ஆங்கில வகுப்புக்கு முன்னால் அரை மணித்தியாலம் ஸ்பானிய வகுப்பு என்று அறிவித்து, நூலகத்தில் ஒரு சிடி இரவல் வாங்கி வந்தார். பங்குனி முடிவதற்குள் விநாயகமூர்த்தி ஸ்பானியத்தில் பத்து வரை எண்ணவும் கழுதையைப் பற்றி இரண்டு வசனம் பேசவும் பழகிவிட்டார். கோயிலில் ஐயருக்கே ‘புவெனோஸ் தியாஸ்’ என்று காலை வணக்கம் சொன்னதாகக் கேள்வி. ஆங்கிலம் வைத்த இடத்திலேயே கிடந்தது.

இளம் மனங்களைக் கலங்கச் செய்யும் விடயங்களை வகுப்பில் பேசக்கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. சாவு, இரத்தம், சண்டை, பசி எல்லாம் தடை. கார்லோஸின் குடும்பம் போகக்கூடிய இடங்கள் நான்கே நான்கு: பூங்கா, மிருகக்காட்சிச்சாலை, மாமா வீடு, கடற்கரை. மாணவர்களின் குடும்பங்களும் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கலாம். உங்கள் குடும்பம் எங்கே என்று மிஸ் பெத் கேட்டபோது, பதுங்குகுழியை நினைத்து, பங்கருக்குள் என்று இக்னேசியஸ் சொன்னார். அந்தச் சொல் இந்தப் பாடத்தில் இல்லையே என்று அவள் கனிவாகச் சொல்லி, நான்கு படங்களையும் தூக்கிக் காட்டினாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு மிருகக்காட்சிச்சாலையைத் தொட்டார்.

தொலைபேசி விதிதான் எல்லாவற்றிலும் கொடியது. வகுப்புக்குள் நுழையும்போது எல்லாரும் போனை ஒரு கூடையில் போடவேண்டும். கூடை அருள்நாயகத்தின் அறைக்குப் போய்விடும். சித்திரை மாதமளவில் இந்த விதி இக்னேசியஸின் நெஞ்சில் கல்லாக ஏறி உட்கார்ந்தது. ஜெசிந்தா இருந்த இடத்தில் ஒரு பாதிரியாரிடம் சாட்டலைட் போன் இருந்தது. இருட்டின பிறகு சனம் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசும். அங்கே இருட்டும் நேரம் இங்கே காலை, வகுப்பு நேரம். எந்த நாள் தன் முறை வரும் என்று அவளுக்கே தெரியாது. இவர் திரும்ப அழைக்க வழியில்லை. இவர் எடுக்காவிட்டால் மணி அடித்து ஓயும். அப்பா வேலையில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னொரு நாள் வந்து வரிசையில் நிற்பாள்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, தன் போனை மட்டும் மடியில் வைத்திருக்க விடும்படி இக்னேசியஸ் பணிப்பாளரிடம் கேட்டார்.

“அவசர அழைப்புக்கு இடமில்லையெண்டு ஆர் சொன்னது?” என்றார் அருள்நாயகம். “தாராளமா இருக்கு. மூண்டு வேலை நாளுக்கு முன்னம் எழுத்தில அறிவிச்சால் சரி.”

“அது எப்ப வருமெண்டு தெரியாது, சேர்.”

“எப்ப வருமெண்டே தெரியாத அவசரத்தை நான் எப்பிடி அப்புறூவ் பண்ணுறது? பாரும், எனக்கும் அங்க சொந்தக்காரர் இருக்கினம். நான் என்ன போனும் கையுமாவே திரியிறன்?”

அப்போது அவருடைய போன் அடித்தது. மார்க்கம் வீட்டுக்கு வேலி போடுகிறவன். அருள்நாயகம் இக்னேசியஸைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பலகை எவ்வளவு உயரம் வரவேண்டும் என்று நிதானமாகப் பேசி முடித்தார்.

ஜவ்ஃபர் நானாதான் கைகொடுத்தார். பழுதாகிப்போன போன் ஒன்று அவரிடம் இருந்தது. அது கூடைக்குப் போனது, இக்னேசியஸின் போன் கீழே கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. சித்திரைக் கடைசியில் ஒரு காலை, ஏப்ரனோடு படியேறி ஓடிவந்து ஜவ்ஃபர் நானா வகுப்பின் கதவைத் தட்டினார்.

“இக்னேசியஸ், ஓங்கட காருக்கு டிக்கட் அடிக்கிறான். ஓடி வாங்க.”

இக்னேசியஸிடம் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. ஆனால் பார்க்கிங் டிக்கற் நிலையத்தின் விதிகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவசரம். ரம்ஸியாவும் இன்னொருவரும் அவரைப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டார்கள். படிக்கட்டில் நின்று மகளோடு பேசினார். கடற்கரைக்கு வந்துவிட்டோம், மாமி பக்கத்தில்தான் இருக்கிறா, இனிப் போக இடமில்லை என்று அவள் சொன்னாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். இவர் சாப்பிட்டதாகச் சொன்னார், நீ சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்தார், பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை. பின்னால் யாரோ அடுத்த ஆள் என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அன்று முழுக்க அவர் தரையில் கால் பாவாமல் நடந்தார், அந்தச் சந்தோசத்தை நினைத்துப் பின்னர் தன்னையே வெறுத்தார்.

அடுத்த வகுப்பில் குடும்பம் எங்கே என்று கேட்டபோது, கடற்கரையில் என்று முழு வசனமாகச் சொன்னார். அந்த வகுப்பு ஏற்றுக்கொண்ட அவருடைய முதல் உண்மை அது. மிஸ் பெத் பூரித்துப்போனாள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். மண் தோண்டுகிறார்கள் என்றார். வாளியும் சின்ன மண்வெட்டியுமாகப் பிள்ளைகள் மணல் வீடு கட்டும் படத்தை அவள் எல்லாருக்கும் காட்டி, பிறகு அவருடைய சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிவிட்டாள். இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகும்வரை அது சட்டையிலேயே இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அந்த நாட்களில் ரொறன்ரோவின் தமிழ்ச்சனம் முழுவதும் போரை நிறுத்தச் சொல்லி நகரத்துத் தெருக்களில் நின்றது. வகுப்பில் பாதிப்பேர் அங்கே போனார்கள், இக்னேசியஸும் ஒரு நாள் போனார். ஏற்கெனவே ஒரு நாள் காய்ச்சலில் வராமல் விட்டவர், ஆக இரண்டு நாள் போய்விட்டது. பெயர்களை வெட்டினால் வகுப்பே இருக்காது என்பதால் அருள்நாயகம் அந்த நாளைக் கல்விச் சுற்றுலாவாகப் பதியலாமா என்று பார்த்தார். பதாகைகளில் ஆங்கிலம் இருந்ததா, எத்தனை சொல், அதில் எத்தனை புதுச்சொல் என்று ஆளாளாகக் கேட்டுக் குறித்தார். பிறகுதான், ஸ்பானியச் சிறுவர்கள் தமிழரின் ஊர்வலத்துக்கு ஏன் போனார்கள் என்று மேலிடம் கேட்கும் என்பது அவருக்கு உறைத்தது. கிழித்துப்போட்டுவிட்டார். ஊர்வலம் போவது ஜனநாயக உரிமை என்றும், அந்த உரிமையை வகுப்பில்லாத நாட்களில் பயன்படுத்தவேண்டும் என்றும் ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

வைகாசி பிறந்ததும் ஒட்டாவாவில் இருந்து இரண்டு அதிகாரிகள் வகுப்பைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. திட்டத்தை நீடிப்பதா நிறுத்துவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அன்றைய பாடம் தொலைபேசி ஒழுக்கம் என்று அருள்நாயகம் தெரிவு செய்தார். அதற்கு ஆயத்தமாக எல்லாரும் தங்கள் சொந்தப் போனில் நல்ல ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புச் செய்தி பதியவேண்டும். யாராவது அழைத்து நாங்கள் இல்லாவிட்டால் அந்தக் குரல் பேசும். மிஸ் பெத் ஒவ்வொருவராக உட்கார்த்திப் பழக்கினாள். சிரித்துக்கொண்டே பேசு, குரல் வெளிச்சமாக வரும் என்றாள். சொல்லின் கடைசியை விழுங்காதே, மூக்கால் பேசாதே, மூச்சை இங்கே விடு என்றாள். இக்னேசியஸ் கீழே கடையில் இருந்த தன் போனை ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துவந்து, தலையால் கிடங்கு கிண்டாத குறையாகப் பாடுபட்டார். பத்துப் பன்னிரண்டு தடவை பதிந்து அழித்த பிறகு ஒன்று சரிவந்தது. ‘ஹலோ! திஸ் இஸ் இக்னாசியோ. ஐ ஆம் நொட் அவைலபிள் ரைட் நவ்’ என்று தொடங்கி, இனிய நாள் ஆகட்டும் என்று முடிந்தது. அச்சு வெள்ளைக்காரன்தான் என்று ரம்ஸியா சிரித்தாள். அவருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அதிகாரிகள் வருவதற்கு முதல் நாள் அருள்நாயகம் கூடையில் கிடந்த போன்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். மாணவரின் போன்கள் கூடையில் ஒப்படைக்கப்படுகின்றனவா என்பதும் பார்க்கப்படுமாம். ஜவ்ஃபர் நானாவின் செத்த போன் அகப்பட்டுவிட்டது. நாளைக்கு உண்மையான போன் கூடையில் இல்லாவிட்டால் அது வராத நாளாகக் கணக்கில் சேரும் என்றார். மூன்றாவது நாள். இக்னேசியஸ் இரவெல்லாம் யோசித்தார். ஒரு நாள்தானே, அவள் அழைத்தாலும் இன்னொரு நாள் திரும்ப அழைப்பாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, காலையில் போனைக் கூடையில் போட்டார்.

அதிகாரிகள் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். கூடைக்குப் பட்டுத் துணி விரித்து முன்மேசையில் வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையைத் தமிழர்கள் மறித்ததால் ஞாயிற்றுக்கிழமை தான் பட்ட சிரமத்தை அருள்நாயகம் விருந்தினருக்கு விவரித்தார், தன் மாணவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்று உறுதியளித்தார். பெண் அதிகாரி விடுமுறைக்கு மெக்சிக்கோ போய்வந்தவளாம். விநாயகமூர்த்தியிடம் ஸ்பானியத்தில் ஏதோ கேட்டாள். அவர் கதிரைக்குள் இருந்தபடியே பத்து வரை எண்ணி, கழுதை நலமாக இருக்கிறது என்றார். அவள் கண்கலங்கி, தாய்மொழியை இவர்கள் மறக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

பிறகு இக்னாசியோவும் ரமோனாவும் விளையாட்டுப் போன்களைக் கையில் எடுத்தார்கள். அவருடையது நீலம், அவளுடையது மஞ்சள். கார்லோஸ் ரோசிதாவை அழைத்து அவள் குடும்பத்தின் சுகம் விசாரிக்கவேண்டும். ஹலோ என்றார் இக்னேசியஸ். அப்போதுதான் கூடைக்குள் ஒரு போன் அடித்தது. அவருடைய போன்.

அவர் எழும்பினார், அதாவது எழும்பப் பார்த்தார். கதிரை அவரோடு சேர்ந்து எழும்பியது. அருள்நாயகம் பின்னால் வந்து தோளில் கையை வைத்து அமத்தினார். விருந்தினரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குனிந்து காதுக்குள் பேசினார்.

“இப்ப எழும்பினால் பேர் வெட்டு. சேட்டிபிக்கற் இல்லை. பிறகு மகளை எப்பிடிக் கூப்பிடுவீர்?”

“போங்க,” என்றாள் ரம்ஸியா மெல்ல. “எழும்பிப் போங்க. எங்களுக்கு என்ன சேட்டிபிக்கட்.”

இக்னேசியஸ் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுத் துணி நடுங்கிக்கொண்டிருந்தது. மகளுக்காகத்தான் இந்தக் கதிரையில் இருக்கிறோம் என்று நினைத்தார். அவள் திரும்ப எடுப்பாள், இதுவரை ஒவ்வொரு முறையும் எடுத்திருக்கிறாள். அவர் உட்கார்ந்தார். மணி ஓய்ந்தது. போன் அடித்தும் ஒரு மாணவரும் இடத்தை விட்டு அசையவில்லை என்று ஆண் அதிகாரி வியந்து எழுதிக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். இக்னேசியஸ் நீலப் போனைக் காதில் வைத்து, உங்கள் குடும்பம் சுகமாக இருக்கிறதா என்று ரம்ஸியாவிடம் கேட்டு முடித்தார். அவள் பதில் சொல்லாமல் அழுதாள். பாத்திரத்தோடு ஒன்றிவிட்டாள் என்று அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

வகுப்பு முடிந்து போன் கைக்கு வந்தபோது அதில் ஒரு குரல்செய்தி இருந்தது. இக்னேசியஸ் ஜவ்ஃபர் நானாவின் கடைக்குள் போய் நின்று கேட்டார். முதலில் காற்றும், தூரத்தில் இடியைப் போன்ற சத்தமும். பிறகு ஜெசிந்தா, போனில் இருந்து முகத்தைத் திருப்பிப் பேசுகிறாள்.

“ஃபாதர், இது அப்பா இல்லை. ஆரோ வெள்ளைக்காரன் கதைக்கிறான்.”

“நம்பரைச் சரியா அமத்தினனியே பிள்ளை?”

“ஓம் ஃபாதர். அப்பான்ர நம்பர் எனக்குப் பாடம்.” கொஞ்ச நேரம் காற்று. “அப்பா நம்பரை மாத்திப்போட்டார் போல.”

“சரி மோள். இனி மற்ற ஆக்களுக்கு விடு.”

அத்தோடு அறுந்துவிட்டது.

இக்னேசியஸ் அந்தக் குரலை அழிக்கப் பார்த்தார், இக்னாசியோவின் குரலை. அந்த இயந்திரம் வேகமாக ஆங்கிலத்தில் அதை அமத்து, இதை அமத்து என்றது. வரவேற்புச் செய்தியைப் பதிவது எப்படி என்று மட்டும்தான் படிப்பித்திருந்தார்கள், அழிப்பது பாடத்தில் வரவில்லை. கொத்துத் தட்டுகிற சத்தத்தை ஜவ்ஃபர் நானா நிறுத்திவிட்டு வந்து பார்த்தார், அவருக்கும் விளங்கவில்லை. மேலே ஓடிப்போய் மிஸ் பெத்தைக் கூட்டிவந்தார். உனக்கு வாய்த்தது மிக அழகான பதிவாயிற்றே, ஏன் அழிக்கிறாய் என்று அவள் கேட்டாள். இக்னேசியஸ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அதில் தடைசெய்யப்பட்ட சொற்கள் பல இருந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தான்களை அமத்தி, இப்போது பேசு என்று போனை அவருடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு சாட்டலைட் போனில் ஒருவருக்கும் அழைப்பு வரவில்லை. அக்கா ஒரு முகாமில் இருப்பதாக ஆடி மாதம் தெரியவந்தது. கடைசி நாள் சனத்துக்குள் நெரிபட்டு வரும்போது ஜெசிந்தாவின் கை நழுவிவிட்டது என்றும், அதற்குப் பிறகு காணவில்லை என்றும் அக்கா சொல்லி அனுப்பினாள். வெள்ளைக்காரன் குரலைக் கேட்ட பிறகு அவள் வரிசையில் நிற்கவே இல்லை, அப்பா நம்பரை மாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதையும் அக்கா மறைக்கவில்லை. இக்னேசியஸ் சுரங்க ரயிலில் போவதை விட்டுவிட்டார், நிலத்துக்குக் கீழே போன் வேலை செய்யாது. வேலைக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே புறப்பட்டுப் பஸ்ஸில் போனார். யார் அழைத்தாலும் முதல் மணியிலேயே எடுத்தார்.

நிலையத்துக்குத் திட்டம் மூன்று வருடம் நீடிக்கப்பட்டது. பட்டமளிப்பு விழாவில் அருள்நாயகம் பேசினார். உலகம் எவ்வளவு கொந்தளித்தாலும் தன் வகுப்பறைக்குள் அதன் சத்தம் வரவிடவில்லை என்றும், அதுதான் தன் இருபது வருடச் சேவையின் சாரம் என்றும் சொன்னார். தொலைபேசி ஒழுக்கத்துக்கான முதற்பரிசு இக்னாசியோவுக்கு அறிவிக்கப்பட்டது. விநாயகமூர்த்தி மேடைக்குப் போக மறுத்து, சின்னக் கதிரைக்குள் இருந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார். பரிசுக்குரியவர் வரவில்லை.

சில நாள் கழித்து, சேட்டிபிக்கற்றை வந்து வாங்கும்படி சொல்ல அருள்நாயகம் போன் எடுத்தார். இக்னேசியஸ் அப்போது செஞ்சிலுவைக்காரரோடு இன்னொரு அழைப்பில் இருந்ததால் குரல்செய்திக்குப் போனது. அருள்நாயகம் அன்று பின்னேரமே திரும்பவும் எடுத்தார்.

“உம்மட போன் தமிழில கதைக்குது,” என்றார். “ஒட்டாவாக்காரர் எப்பவாவது எடுத்துப் பாத்தால் எங்கட ரிசல்ட் என்ன ஆகிறது? பழையதைத் திருப்பிப் போடும். அது என்ன வடிவான குரல். போட்ட பிறகு வந்து சேட்டிபிக்கற்றை எடும்.”

“அதை நீங்களே வைச்சிருங்கோ, சேர்.”

“அப்ப மகளைக் கூப்பிடுறேல்லையே?”

இக்னேசியஸ் போனை வைத்துவிட்டார். பிறகு, அழைப்பு ஒன்றும் தவறவில்லையே என்று பார்த்தார்.

இப்போதும் அந்த இலக்கத்துக்கு அழைத்து அவர் எடுக்க முடியாமல் போனால், கடனட்டை விற்கிறவர்களானாலும் பல் வைத்தியரின் காரியாலயமானாலும் முல்லைத்தீவுக் கடற்கரைக் குரல் ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கும். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் அதில் பதிந்திருக்கிறது.

“ஜெசி, இது அப்பாதான். வெள்ளைக்காரன் இல்லை, அப்பாதான் பிள்ளை. நம்பர் மாறேல்லை. வைச்சிடாதை. இப்ப எடுக்காட்டி இன்னொருக்கா எடு. நான் மாத்தமாட்டன்.”